வளர்ச்சிப் பாலும் வளராத அரூகேயும்

எங்கள் சாரி-புலுங் ஊரில் மனிதர்களைவிடப் பசுக்கள் அதிகம், பசுக்களைவிடக் குதிரைகள் அதிகம். இங்கே பிறந்த குழந்தை ஒழுங்காக நடக்கப் பழகுவதற்குள் புளித்த குதிரைப்பாலைக் குடித்து ஏப்பம் விடப் பழகிவிடும். இப்படிப்பட்ட ஊருக்குப் பால் கொண்டுவந்து சேர்த்தே ஆக வேண்டும் என்று வட்டாரத் தலைநகரில் உட்கார்ந்திருந்த யாருக்கோ தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். அதற்கென்று ஓர் அலுவலகம் திறந்து, 'வட்டார வளர்ச்சிப் பால் அலுவலகம்' என்று பலகை மாட்டி, மெலிஸ் கெரிமோவிச் என்பவரை அதற்கு இயக்குநராகவும் போட்டுவிட்டார்கள்.

ஏற்பாடு எளிமையானது. தினமும் காலையில் ஒரு டேங்கர் லாரி எங்கள் ஊர்ப் பாலை எல்லாம் வாங்கிக்கொண்டு கணவாய் இறங்கிப் போகும். கீழே இருக்கும் ஆலையில் அதைக் காய்ச்சிப் பொடியாக்கி மூட்டை கட்டுவார்கள். அந்த மூட்டைகள் வேறொரு லாரியில் அதே கணவாய் ஏறி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும். சமையல்காரி காலிபா அதில் வெந்நீர் ஊற்றிக் கலக்கி மதியச் சாப்பாட்டோடு ஆளுக்கொரு கிண்ணம் வைப்பாள். எங்கள் ஊரில் அந்தப் பால் போன தூரம் போய்வந்த ஆள் யாரும் கிடையாது.

நேராகக் கறந்த பாலையே பிள்ளைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று டேங்கருக்குப் பால் ஊற்றும் சைரகான் ஒருமுறை கேட்டாள். அது தரப்படுத்தப்படாத பால் என்று பதில் வந்தது. அவள் வீட்டில் பரம்பரையாக எல்லோரும் தரப்படுத்தப்படாத பாலைக் குடித்தே கிழவர்களாகிச் செத்திருக்கிறார்கள் என்பதால் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சைரகானைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

தொடக்க விழாவுக்கு மெலிஸ் கெரிமோவிச்சே வந்திருந்தார். பால் பானைக்குச் சிவப்பு நாடா கட்டியிருந்தோம். தலைமையாசிரியை தமாரா எஜே அவருக்கு வெள்ளைக் கம்பளித் தொப்பி போட்டு மரியாதை செய்தார். ('எஜே' என்றால் எங்கள் பக்கம் அக்கா, தமாராவைத் தமாரா என்று மட்டும் கூப்பிட்டவர் எவரும் இந்த ஊரில் இல்லை.) இயக்குநர் தலைநகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். உருண்டையான ஆள், நல்ல குரல். பானைக்குப் பக்கத்தில் நின்று பேசினார்.

"பிள்ளைங்க தானா வளருதுன்னு மக்கள்கிட்ட ஒரு தப்பான எண்ணம் இருக்கு. இத்தனை நூற்றாண்டா எந்தத் திட்டமும் இல்லாம, எவன் மேற்பார்வையும் இல்லாம, அவங்கவங்க இஷ்டத்துக்கு வளர்ந்திருக்காங்க. அந்த அராஜகம் இன்னையோட முடியுது. இனிமே சாரி-புலுங்ல ஒரு குழந்தை ஒரு விரல்கிடை வளர்ந்தாலும் அது அலுவலகத்துக்குத் தெரிஞ்சு, அலுவலகம் அனுமதிச்சு, அலுவலகத்தால வளரும்."

கை தட்டினோம். முதல் கிண்ணத்தை அவரிடம் நீட்டினார்கள். புகைப்படத்துக்காக உதட்டருகே வைத்துக்கொண்டு நின்றவர், படம் எடுத்து முடிந்ததும் அதைத் தன் ஓட்டுநர் கூபாத்திடம் கொடுத்துவிட்டார். பால் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தமாரா எஜேயிடம் மெதுவாகச் சொன்னார். கூபாத் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்தான்.

நான் அந்தப் பள்ளியின் பூகோள வாத்தியார், பெயர் எஸென். ஊரிலேயே நெட்டையன் நான்தான் என்பதால் அளவுகோல் என் கையில் வந்து சேர்ந்தது. காலாண்டுக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் சுவரோரம் நிறுத்தி அளக்க வேண்டும். பால் வாசனையே எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆகாது என்பதை மட்டும் இயக்குநர் எதிரில் சொல்ல வேண்டாம் என்று தமாரா எஜே கேட்டுக்கொண்டார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்வது எங்களிடம் கிடையாது. வயிறு நிறைந்திருக்கலாம், நேரமில்லாமல் இருக்கலாம், பார்க்கவே பிடிக்காமல்கூட இருக்கலாம். ரொட்டி என்றால் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட வேண்டும், கிண்ணம் என்றால் உதடு நனைய வேண்டும். அவ்வளவுதான், மரியாதை நிறைவேறிவிட்டது, கொடுத்தவர் மனம் குளிர்ந்துவிட்டது, போய்க்கொண்டே இருக்கலாம். எங்கள் பிள்ளைகள் இதைத் தவழும்போதே கற்றவர்கள்.

வளர்ச்சிப் பால் சாக்கு வாசனையும் தீய்ந்த வாசனையும் கலந்து இருந்தது. பிள்ளைகள் முகம் சுளிக்கவில்லை. ஆளாளுக்குக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, உதட்டில் வைத்து, நன்றி சொல்லி, கீழே வைத்தார்கள். பள்ளிக்கூடம் முழுக்க ஒரே நேரத்தில் கிண்ணங்கள் உயர்ந்து இறங்கிய காட்சியை வாசலில் நின்று பார்த்த இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கார் கிளம்பியதும் காலிபா எல்லாக் கிண்ணங்களையும் திரும்பப் பானையில் ஊற்றினாள். பாலைத் தரையில் கொட்டினால் பாவம். அதனால் கொதிகலன் அறைக் காவல்காரரின் நாய்க்குப் போயிற்று. அது அந்த வருஷம் அகலத்தில் நன்றாக வளர்ந்தது.

குடித்தது ஒரே ஒரு பிள்ளை. நாலாம் வகுப்பு அரூகே. சைரகானின் மகள்.

அரூகே சுவரில் எழுதியிருப்பதை எல்லாம் படிக்கிறவள், படித்ததை எல்லாம் நம்புகிறவள். சாப்பாட்டு அறையில் அலுவலகம் ஒட்டியிருந்த படத்தில் 'கடைசிச் சொட்டு வரை குடி' என்று இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு வரை குடித்தாள். எல்லாப் பாடத்திலும் அவள்தான் முதல். என் பூகோளப் பாடம் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கும். அதற்குப் பொறுமையில்லாமல் மதிய இடைவேளையில் என் வகுப்பறைக்கு வந்து, பெரிய வரைபடத்தின் கீழே நின்று, எட்டின வரைக்கும் ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பாள். ஆப்பிரிக்காவின் தெற்கும் தென்னமெரிக்காவும் அவளுக்கு அத்துபடி. மேலே இருக்கும் நாடுகள் எட்டவில்லை.

ஆமாம், அரூகே குட்டை. அவளுடைய தம்பி நூர்போலத் அவளைவிட ஒரு வகுப்பு கீழே, ஆனால் அவளைவிட ஒரு தலை உயரம். அவன் கிண்ணத்தில் உதடு நனைப்பதைக்கூட மூடிய வாயோடு செய்வான்.

முதல் காலாண்டு அளவை எடுத்தேன். பிள்ளைகள் பெரிதாக ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. குளிர்காலத்தில் எங்கள் பக்கம் எதுதான் வளர்கிறது? இயக்குநர் ஓடிவந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அளக்கும்போது தொப்பியைக் கழற்றச் சொல்வது ஏன் என்று கேட்டார். தலையை அளக்கத்தானே என்றேன்.

"எஸென் அகாய், தொப்பி நம்ம தேசிய உடை. தேசத்தைக் கழட்டி வெச்சுட்டுக் குழந்தைய அளப்பீங்களா?"

'அகாய்' என்பது வாத்தியாரைக் கூப்பிடும் சொல். அவர் அதைச் சொன்ன தோரணையில் எனக்குத் தேசத்துரோகம் செய்த மாதிரி இருந்தது. தொப்பியோடு அளக்கச் சொன்னார்கள், அளந்தேன். அடுத்த காலாண்டில் தடித்த கம்பளிப் பூட்ஸும் குழந்தையின் பகுதியே என்று உத்தரவு வந்தது. அப்படியும் திட்டமிட்ட உயரம் வரவில்லை. அதனால் பள்ளி வருஷத் தொடக்கத்தில் பிள்ளைகள் எவ்வளவு உயரம் இருந்தார்கள் என்பதை அலுவலகமே உட்கார்ந்து திருத்தியது. திருத்திய கணக்குப்படி நூர்போலத் செப்டம்பர் மாதத்தில் ஒரு வாத்து உயரம் இருந்திருக்கிறான். பள்ளிக்கூடமே வளர்ந்து கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

அரூகே மட்டும் அளவுகோலுக்கு முன்னால் வந்ததும் தொப்பியைக் கழற்றினாள், பூட்ஸையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள், காலுறையோடு ஜில்லென்ற தரையில் குதிகால் சேர்த்து நின்றாள். சுவரில் ஒட்டியிருக்கும் அளவுப் படத்தில் அப்படித்தான் நிற்கிறார்கள் என்றாள். நான் குரலைத் தாழ்த்தி, பரவாயில்லை போட்டுக்கோ என்றேன். "அப்புறம் அது நான் இல்லையே அகாய்" என்றாள். அவள் செப்டம்பரில் எந்தக் கோட்டில் நின்றாளோ ஏறக்குறைய அதே கோட்டில்தான் நின்றாள்.

தமாரா எஜே சைரகானைக் கூப்பிட்டு அனுப்பினார். சைரகான் கறவை முடித்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். புருஷன் குளிர்கால மேய்ச்சலில் ஆடுகளோடு மலைக்கு அந்தப்பக்கம் இருந்தான். வீடு, மாடு, பிள்ளைகள் எல்லாம் அவள் தலையில். நான் அங்கேயே நின்றிருந்தேன்.

"சைரகான், உன் பொண்ணு ஒத்துழைக்க மாட்டேங்குறா."

"என்ன பண்ணா எஜே?"

"வளரல."

சைரகான் என்னைப் பார்த்தாள், நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"யாரையாவது அடிச்சாளா?"

"இல்ல."

"எதையாச்சும் எடுத்துட்டாளா?"

"வளரலைன்னு சொல்றேன்ல. ரெண்டு காலாண்டா வளரல. பள்ளிக்கூடம் பூரா வளருது, இவ ஒருத்தி நிக்குறா. ஊருக்கே கெட்ட பேரு."

சைரகான் அன்று வீட்டுக்குப் போய்ப் பெண்ணைக் கதவு நிலையில் நிறுத்திப் பார்த்திருக்கிறாள். பிறகு இதற்கெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல், பெரிய ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் பிடித்து வட்டார அலுவலகத்துக்கே போனாள். அலுவலகத்தில் வரிசையில் நிற்கவைத்து, உட்காரவைத்து, மறுபடி நிற்கவைத்து, கடைசியில் அவளையே அளந்தார்கள். அவளுடைய அப்பாவின் உயரம் கேட்டார்கள். அவர் ஆட்டுடலைக் குதிரை மேலிருந்து பறித்து விளையாடும் கோக்-பொரு ஆட்டத்தில் மூன்று பள்ளத்தாக்குக்குப் பேர் பெற்றவர். "குட்டைதான். குதிரை ஏறினப்புறம் யாரும் அளக்கல" என்றாளாம். வீட்டில் வளர்ச்சிக்கு எதிராக யாராவது பேசுவதுண்டா, தாத்தாவைப் பற்றிய கதைகளைக் குழந்தையிடம் பெருமையாகச் சொல்வதுண்டா என்று கேட்டார்கள். உண்டு என்று சொல்லிவிட்டாள். அங்கேதான் கோளாறு என்று ஒருவர் தலையை ஆட்டினார். ரொட்டியை அவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அரூகேவுக்கு இரண்டு கிண்ணம் என்று உத்தரவாயிற்று.

அவள் இரண்டையும் குடித்தாள். மதியத்துக்குமேல் வயிறு உப்பி, முகம் வெளுத்து, பெஞ்சில் சாய்ந்துகொள்வாள். வரைபடத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காலிபா பாதி ஊற்றிக் கொடுத்தால், குறைகிறது என்று அவளே சொல்லி நிரப்பிக்கொண்டாள். ஒருநாள் தாழ்வாரத்தில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் வந்து நின்றாள்.

"அகாய், எனக்கு எந்தப் பாடத்துல தப்பு?"

"எதுலயும் இல்ல."

"அப்புறம் ஏன் என்னை மட்டும் சரி பண்றாங்க?"

எனக்குக் கோபம் வந்தது, அதுவும் முக்கால்வாசி என் கையில் இருந்த கோல் மேல்.

மே மாதம் பிறந்ததும் மெலிஸ் கெரிமோவிச் மறுபடி வந்தார். எங்கள் பள்ளிக்கு 'முன்மாதிரி வளர்ச்சிப் பள்ளி' என்ற பட்டம் கொடுக்கப் போகிறார்களாம். ஆனால் ஒரு பிள்ளைகூடப் பின்தங்கியிருக்கக் கூடாது என்பது விதி. பின்தங்கியிருந்த பிள்ளைக்கு அவர் வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, சைரகானை வரவழைத்து, சாப்பாட்டு அறையிலேயே விசாரணை வைத்தார். அரூகே அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அவள் முன்னால் இரண்டு கிண்ணம் இருந்தது.

"எஜே, உங்க பொண்ணு மேல எங்களுக்கு எந்த வருத்தமும் இல்ல" என்று இயக்குநர் ஆரம்பித்தார். "அஞ்சாம் வகுப்புக்கு இவ குட்டை. ஆனா நாலாம் வகுப்புக்குச் சரியான உயரம். அதனால நாலாம் வகுப்புலயே இன்னொரு வருஷம் வெச்சுடறோம். அப்பவும் வளரலைன்னா மூணாம் வகுப்பு. அங்க இவதான் நெட்டை. பாருங்க, ஒரு சொட்டு கூட வளராம ஒரு குழந்தைய உசரமாக்க முடியும். அதுக்குத்தான் நிர்வாகம்னு பேரு."

நூர்போலத் அடுத்த வருஷம் நாலாம் வகுப்புக்கு வருகிறான். அக்காவும் தம்பியும் ஒரே பெஞ்சில். அரூகேவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ வகுப்புல முதல்ங்க" என்றாள் சைரகான்.

"தெரியும். அறிவு எங்க துறை இல்ல."

"பால் குடிச்சா வளரும்னுதானே சொன்னீங்க?"

"சந்தேகமே இல்ல."

"இந்தப் பள்ளிக்கூடத்துல பால் குடிச்சது இவ ஒருத்திதான்."

காலிபா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சைரகான் மேஜைகளுக்கு நடுவே போய் நின்று, பிள்ளைகளே நீங்க எப்படிக் குடிப்பீங்கன்னு பெரியவருக்குக் காட்டுங்க என்றாள். எங்கள் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், கேட்டால் செய்வார்கள். கிண்ணங்கள் எழுந்தன, உதடுகள் பட்டன, நன்றி என்றார்கள், கிண்ணங்கள் இறங்கின. இயக்குநர் முதல் மேஜையருகே போய் ஒரு கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். எல்லாம் விளிம்புவரை இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியிருப்பார்கள். மெலிஸ் கெரிமோவிச் முகம் மலர்ந்தது.

"வருஷம் பூரா குடிக்கல. ஆனா இவ்வளவு வளர்ந்திருக்காங்க." பிள்ளைகளைச் சுற்றிக் காட்டினார். "அப்படின்னா நம்ம பால் எவ்வளவு வீரியமான பாலா இருக்கணும்! பக்கத்துல இருந்தாலே வேலை செய்யுது. குடிச்ச ஒரே குழந்தை வளரல. அப்ப தப்பு எங்க இருக்கு? குடிக்கிறதுல இருக்கு. இது தெரியாம இத்தனை நாளா மக்கள் பாலைக் குடிச்சே வீணாக்கியிருக்காங்க."

இதை அலுவலகம் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கும் என்றார். தமாரா எஜே பழக்கதோஷத்தில் தலையாட்டினார், பிறகு ஆட்டுவதை நிறுத்தினார். அவர் அப்படி நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"அப்ப எம் பொண்ணு?" என்றாள் சைரகான்.

"நாலாம் வகுப்பு."

"தப்பு குடிக்கிறதுலன்னு நீங்களே சொல்லிட்டீங்க."

"முடிவு அதுக்கு முன்னாடி எடுத்தது எஜே. எடுத்த முடிவைக் காரணத்தைப் பார்த்து மாத்த ஆரம்பிச்சா அப்புறம் அலுவலகம் எதுக்கு?"

சைரகானின் முகத்தில் இத்தனை மாதமாக இருந்த குழப்பம் போய்விட்டது. பெண் முன்னால் இருந்த கிண்ணங்களில் ஒன்றை எடுத்தாள். இயக்குநரிடம், தொப்பியைக் கொஞ்சம் கழற்றுங்கள் என்று மிகவும் பணிவாகக் கேட்டாள். ஏதோ மரியாதை செய்யப் போகிறாள் என்று அவரும் கழற்றினார்.

எங்கள் பக்கம் வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் அடிக்க மாட்டோம். தலையில் கொஞ்சம் பாலை ஊற்றி, நல்ல வார்த்தை சொல்லி, வாசல்வரை கூடவே போய் வழியனுப்பிவிடுவோம். இது மலையில் இருக்கிற சின்னக் குழந்தைக்கும் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பாம்பு லிஃப்ட் ஏறி வருவதில்லை, அதனால் மெலிஸ் கெரிமோவிச்சுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

சைரகான் இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்து அவருடைய வழுக்கைத் தலையில் நிதானமாக ஊற்றினாள்.

"வந்த வழியே நல்லபடியா போயிடுங்க. உங்களால எங்களுக்குக் கேடு வேண்டாம், எங்களால உங்களுக்குக் கேடு வேண்டாம். மறுபடி இந்தப் பக்கம் வழி தெரியாம இருக்கட்டும்."

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. பாம்பை வழியனுப்பும்போது சிரிக்கக் கூடாது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். காலிபா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். சைரகான் முன்னால் நடந்து கதவைத் திறந்துவிட, இயக்குநர் நடந்தார், பின்னால் பள்ளிக்கூடம் முழுவதும் நடந்தது. வாசல் கேட்டுவரை போய் நின்றோம். அவர் கன்னத்தில் வழிந்தது பாலா கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை. தன் வாழ்நாளில் இப்படி ஒரு மரியாதை எந்த ஊரிலும் கிடைத்ததில்லை என்று தமாரா எஜேயின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஓட்டுநர் கூபாத் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரன். அவன் கார்க் கதவைப் பிடித்தபடி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணவாய் இறங்கும்போது இதற்கு என்ன அர்த்தம் என்று இயக்குநர் கேட்டிருக்கிறார். இதைக் கூபாத்தே பின்னால் ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொன்னான். "எல்லாருக்கும் செய்ய மாட்டாங்க மெலிஸ் கெரிமோவிச். ஆளைப் பார்த்துத்தான் செய்வாங்க" என்றானாம். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

கோடை முழுவதும் பிள்ளைகள் மேட்டு மேய்ச்சலில் இருந்தார்கள். அரூகேவுக்கு வயிறு சரியாயிற்று. அவளை நாலாம் வகுப்பில் நிறுத்தி வைக்கும் உத்தரவு முத்திரையோடு வந்து தமாரா எஜேயின் மேஜையில் கிடந்தது. செப்டம்பர் முதல் நாள் சைரகான் மகளின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்து, யாரையும் கேட்காமல் என் வகுப்பறையில், ஐந்தாம் வகுப்பின் முதல் பெஞ்சில் உட்காரவைத்தாள். தமாரா எஜே வாசலில் வந்து நின்றார். அலுவலகத்திலிருந்து டெலிபோன் மணி அடித்தாலே எழுந்து நிற்கிற பெண்மணி அவர்.

"அங்க இருந்து வரைபடம் தெரியுதாடி?" என்று கேட்டார்.

"மேல் பக்கம் தெரியல எஜே."

"எஸென், அதைக் கொஞ்சம் இறக்கி மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இறக்கி மாட்டினேன். ஆணி அடிக்க அந்த அளவுகோலின் தலைப்பக்கம் உதவியது, இரண்டாக உடைந்தும் போனது. புதுசு கேட்டு நான் எழுதவில்லை.

இதற்கிடையில் மெலிஸ் கெரிமோவிச்சிடமிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிருந்தது. சாரி-புலுங்கில் மறைந்து கிடந்த தொன்மையான பால் மரியாதையை அலுவலகம் கண்டெடுத்து மீட்டிருப்பதாகவும், இனி வருகை தரும் அதிகாரிகள் அனைவருக்கும் அதை எல்லாப் பள்ளிகளும் தவறாமல் செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. அந்த அலுவலகத்தின் உத்தரவுகளிலேயே வட்டாரம் முழுக்க ஒரு ஊர் விடாமல், மனமுவந்து, விதிமுறைப்படி நிறைவேற்றப்பட்டது இது ஒன்றுதான். கீழ்ப் பள்ளத்தாக்கில் பாலுக்குப் பதில் தயிரே ஊற்றினார்கள் என்று கேள்வி. நிலப்பதிவுக்காரர்களும் வரி வசூல்காரர்களும் தங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கோபித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் செய்தார்கள்.

இலையுதிர் காலத்தில் இயக்குநரே மறுபடி வந்தார். அதிக அளவு மரியாதை செய்யும் பள்ளிக்கு இந்த முறை பட்டமாம். சாப்பாட்டு அறையில் எல்லோரும் எழுந்து நின்றோம். கிண்ணம் ஏந்த யாரை அனுப்புவது என்று தமாரா எஜே ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அரூகே நிரம்பிய கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து நடந்து வந்தாள். சைரகான் டேங்கருக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து கதவருகே நின்றிருந்தாள்.

இயக்குநருக்கு முகம் நினைவுக்கு வந்தது. தொப்பியை ஏற்கெனவே கழற்றிக் கையில் வைத்திருந்தார். புகைப்படக்காரர் தயாராக இருந்தார்.

"இது அந்தப் பொண்ணு இல்ல? எந்த வகுப்பு நீ?"

"அஞ்சாம் வகுப்பு" என்றாள் அரூகே. அறையின் கடைசி மேஜைவரை கேட்டது.

அவர் தமாரா எஜேயைப் பார்த்தார். தமாரா எஜே நேராக அவரையே பார்த்தார். நான் பார்த்தேன், காலிபா பார்த்தாள், இத்தனை பிள்ளைகளும் நின்றபடி அவருடைய வழுக்கைத் தலையையே பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார். கேட்க நினைத்ததைக் கேட்டால் மரியாதை தடைபட்டுப் போகும்.

அரூகே கிண்ணத்தை உயர்த்தினாள். எட்டவில்லை. குதிகாலை உயர்த்தவும் இல்லை, தரையில் சேர்த்து வைத்தபடியே நின்றாள்.

"குனிங்க" என்றாள்.

கொஞ்சம் குனிந்தார்.

"இன்னும்."

இயக்குநர் இன்னும் குனிந்தார்.